மலைக்கு ஏறிய ஊர்: யப்பானின் மினாமிசன்ரிக்கு

யப்பான் என்றதும் நம்மிற் பலருக்கு ரோக்கியோ நகரமும், மோட்டார் வாகனங்களும், வேகப் புகையிரதமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் கடலையும் காணியையும் நம்பிச் சீவிக்கும் சிறிய ஊர்கள் அந்த நாட்டிலும் ஏராளம் உண்டு. அவற்றுள் ஒன்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் மினாமிசன்ரிக்கு. 'தெற்குச் சன்ரிக்கு' என்பது அதன் பொருள். யப்பானின் மிகப் பெரிய தீவாகிய ஹொன்சூவின் வடகிழக்குக் கரையில், மியாகி மாகாணத்தில், பசுபிக் சமுத்திரத்தைப் பார்த்தபடி அது அமைந்திருக்கிறது. ஷிசுகாவா, உதாட்சு என்னும் இரண்டு ஊர்களை இணைத்து 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இந்தப் பட்டினத்தை உருவாக்கினார்கள். 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அங்கே 17,429 பேர் வாழ்ந்தனர். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரே பிற்பகலில், அவ்வூர் வீடுகளில் பத்துக்கு ஆறு இல்லாமற் போயின.

வீடு வாசலை இழந்தவர்கள் எந்த இடத்துக்குத் திரும்புவது, அதை யார் தீர்மானிப்பது, திரும்பிய பின் எதைக்கொண்டு சீவிப்பது என்ற கேள்விகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கும் எவருக்கும் புதியவை அல்ல. மினாமிசன்ரிக்கு மக்கள் இவற்றுக்குக் கண்ட விடைகளில் நல்லவையும் உண்டு, குறைபட்டவையும் உண்டு. அவற்றை விளங்கிக்கொள்ள முதலில் அந்த ஊரின் தரையமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலமும் நீரும்

உங்கள் வலது கையை விரல்கள் விரிய மேசைமேல் வைத்துப் பாருங்கள். விரல்கள் மலைகள், விரல்களுக்கு இடையிலுள்ள வெளிகள் கடல். சன்ரிக்குக் கரை முழுவதும் இப்படித்தான் இருக்கிறது. மிகப் பழைய காலத்தில் ஆறுகள் அரித்த பள்ளத்தாக்குகளுள் பின்னர் கடல் ஏறியதால் இவ்வாறான கரை உண்டாகும். இதைப் புவியியலாளர் 'றியாஸ்' கரை என்பர். குடாக்கள் ஆழமாகவும் அலையடங்கியும் இருக்கும். வள்ளம் கட்டவும், சிப்பி வளர்க்கவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அதே அமைப்பிலேதான் ஆபத்தும் இருக்கிறது. பெருங்கடலில் இருந்து வரும் அலை அகன்ற வாயால் நுழைந்து, ஒடுங்கிய தொண்டைக்குள் நெருக்குண்டு, உயர்ந்து எழும்புகிறது. புனலுக்குள் ஊற்றிய தண்ணீர்போல என்று சொல்லலாம்.

பட்டினத்தின் பரப்பு ஏறத்தாழ 163 சதுர கிலோ மீற்றர். இதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் காடு. பெரும்பாலும் சீடர் வகை மரங்கள். மட்டமான நிலம் ஆற்று வாய்களில் மட்டுமே சிறிதளவு உண்டு. கடைத்தெரு, வைத்தியசாலை, புகையிரத நிலையம், நெல்வயல் எல்லாம் அந்தச் சிறு மட்டத்திலேயே நெருக்கமாக இருந்தன. இன்னொரு விசேடமும் உண்டு. ஊரின் எல்லை மலை முகட்டு வழியாகவே செல்கிறது. எனவே ஊருக்குள் பெய்யும் மழை வேறெங்கும் போகாமல் தம்முடைய குடாவிலேயே விழுகிறது. மலையில் மரம் வெட்டுபவரும், வயலுக்கு மருந்து அடிப்பவரும், சட்டி கழுவுபவரும் செய்வதெல்லாம் கடைசியில் சிப்பி வளர்ப்பவரின் தண்ணீருக்குத்தான் வந்து சேரும்.

வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த ஒயாஷியோ நீரோட்டமும், தெற்கிலிருந்து வரும் வெப்பமான குரோஷியோ நீரோட்டமும் இந்தக் கடற்பகுதியில் சந்திக்கின்றன. ஆகவே குளிர் நாட்டுக் கடற்பாசியும் வெப்பநீர்க் கடற்பாசியும் ஷிசுகாவாக் குடாவில் அருகருகே வளர்கின்றன. இருநூறுக்கு மேற்பட்ட பாசி வகைகளை அங்கே கணக்கிட்டுள்ளனர். நம் கடற்கரைகளில் ஒதுங்கும் சாதாழையைப் போன்ற கடற்புல்லும் உண்டு. அதைத் தின்பதற்காக மாரி காலத்தில் கருநிற வாத்துக்கள் வடதுருவப் பக்கத்திலிருந்து வருகின்றன. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்தக் குடா சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

பேய்க்கணவாய்க்கும் இந்த ஊர் பேர்போனது. பேய்க்கணவாய் அங்கேயுள்ள விலையுயர்ந்த அபலோன் சிப்பியைத் தின்று வளர்வதால் ருசி அதிகம் என்பார்கள். அதற்கு யப்பானியர் ஆங்கிலத்திலிருந்து எடுத்து வழங்கும் 'ஒக்ரோபசு' என்ற சொல்லைப் பிரித்தால், 'வைத்தால் சித்தியடையலாம்' என்று கேட்குமாம்! அதனால் கணவாய் வடிவில் காகிதப் பாரம் செய்து, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள். இரியா என்ற உட்கிராமத்தில், மூடப்பட்ட ஒரு பழைய பாடசாலையில் இந்த வேலை நடைபெறுகிறது. ஒருகாலத்தில் பட்டுப்புழு வளர்ப்பால் வாழ்ந்த கிராமம் அது.

அலைகளின் வரலாறு

'சுனாமி' என்பது யப்பானியச் சொல். 'சு' துறைமுகம், 'நாமி' அலை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26க்குப் பின்னர் நம் நாட்டிலும் அதை அறியாத பிள்ளை இல்லை. சன்ரிக்குக் கரையிலோ தலைமுறைக்கு ஒருமுறை அது வந்துகொண்டே இருந்தது. 1896 யூன் 15ஆம் திகதி மாலை நிலம் மெதுவாகவே அசைந்தது. எவரும் பெரிதாக எடுக்கவில்லை. பின்னால் வந்த அலை அக்கரை முழுவதிலுமாக ஏறத்தாழ 22,000 பேரைக் கொண்டுபோயிற்று. 1933 மார்ச் 3இல் மீண்டும் வந்தது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர்.

இந்த இரண்டு அழிவுகளுக்குப் பின்னும் சில கிராமங்கள் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தன. ஆனால் அவற்றுட் பல சில பத்து ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிட்டன. ஏன்? வள்ளம் கீழே இருக்கிறது. வலை கீழே காய்கிறது. பாசியைக் கரைக்குக் கொண்டுவந்தால் உடனே காயவைக்க வேண்டும். மேட்டில் கிணற்றுத் தண்ணீருக்கும் கஷ்டம். ஒருவன் கீழே ஒரு கொட்டிலைப் போடுவான். பிறகு அங்கே படுப்பான். பிறகு குடும்பம் வந்துவிடும். அவர்களைப் புத்தியில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலையும் வீட்டையும் தூரத் தூர வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே பாதை போடாமல் விட்டால் எந்தச் சனமும் அப்படித்தான் செய்யும்.

1960 மே 24இல் வந்த அலை வேறு விதமானது. அன்று யப்பானில் நிலம் அசையவே இல்லை. பசுபிக்கின் மறுகரையில், சிலி நாட்டில், பதிவான பூமியதிர்ச்சிகளிலேயே மிகப் பெரியது அதற்கு முன்னர் நிகழ்ந்திருந்தது. அந்த அலை ஏறத்தாழ ஒரு முழுநாள் சமுத்திரத்தைக் கடந்து வந்து விடியற்காலையில் கரையேறியது. ஷிசுகாவாவில் 41 பேர் இறந்தனர். இதன் பின்னரே 5.5 மீற்றர் அளவு உயரமான கடற்சுவரும் நீர்க்கதவுகளும் கட்டப்பட்டன. ஆண்டுதோறும் மே 24இல் ஊரே தப்பியோடும் பயிற்சி செய்தது. ஒரே அலையால் அடிபட்டவர்கள் என்ற உறவில் சிலி நாட்டிலிருந்து ஈஸ்டர் தீவுச் சிலையின் மாதிரி ஒன்றும் 1991இல் ஊருக்கு வந்தது. 2011இல் அதையும் கடல் அடித்துச் சென்றது. 2013இல், இம்முறை ஈஸ்டர் தீவின் கல்லிலேயே செதுக்கி, சிலி மக்கள் புதிய சிலை ஒன்றை அனுப்பினார்கள்.

2011 மார்ச் 11

பிற்பகல் 2.46க்கு 9.0 அளவான பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. முதல் எச்சரிக்கையில் மியாகிக் கரைக்கு ஆறு மீற்றர் அலை வரும் என்று அறிவித்தார்கள். சுவர் ஐந்தரை மீற்றர். கொஞ்சம் வழியும், அவ்வளவுதான் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. அரை மணித்தியாலத்துக்குள் அறிவிப்பைப் பத்து மீற்றருக்கு உயர்த்தினர். ஆனால் மின்சாரம் நின்றுபோன இடங்களில் அந்தத் திருத்தம் எத்தனை பேருக்கு எட்டியிருக்கும்?

பட்டின அலுவலகத்துக்குப் பக்கத்தில் அனர்த்த வேலைகளுக்கென்றே கட்டிய மூன்று மாடிக் கட்டடம் நின்றது. உயரம் 12 மீற்றர். அங்கிருந்து ஓர் இளம் பெண் உத்தியோகத்தர் ஒலிபெருக்கியில் 'மேட்டுக்கு ஓடுங்கள்' என்று கடைசிவரை அறிவித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் 15.5 மீற்றர் வந்தது. அவ்விடத்தில் அவரும் உட்பட 43 பேர் இறந்தனர். கூரையில் இருந்த கம்பத்தையும் கம்பி வேலியையும் பிடித்துக்கொண்டிருந்த சிலரே தப்பினர். வைத்தியசாலையில் நடக்கமுடியாத நோயாளர்களை மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோதே நாலாம் மாடிவரை கடல் ஏறிற்று. அங்கே எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊர் முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோரும் எண்ணூறுக்கு மேல்.

தப்பியவர்களின் கதைகளையும் படிக்க வேண்டும். தக்கானோ மண்டபத்தில் அன்று வயோதிபர்களின் கலைவிழா. பயந்து வீட்டுக்கு ஓட முயன்றவர்களை மண்டப ஊழியர்கள் வாசலில் மறித்து மேலே ஏற்றினார்கள். 327 பேர் கூரையில் உயிர்தப்பினர். தோகுரா ஆரம்பப் பாடசாலையில் அதற்கு முன்னரே ஆசிரியர்களிடையே ஒரு விவாதம் நடந்திருந்தது. மூன்று மாடிக் கட்டடத்தின் கூரைக்கு ஏறுவதா, சில நூறு மீற்றர் தள்ளியுள்ள மேட்டுக்கு ஓடுவதா? கூரை கிட்ட, மேடு தூரம். அன்று மேட்டையே தெரிந்தார்கள். பாடசாலைக் கூரைக்கு மேலால் கடல் போனது. மேட்டிலிருந்த சிறு கோவிலைச் சுற்றிப் பிள்ளைகள் குளிரில் அந்த இரவைக் கழித்தார்கள்.

முகாமும் மேட்டுக் காணியும்

ஊர்ச் சனத்திற் பாதிக்கு மேல் பாடசாலைகளிலும் விளையாட்டு மண்டபத்திலும் ஒதுங்கினர். தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. தற்காலிக வீடு போட மட்டமான காணியும் இல்லை. ஏப்ரில் மாதம் பெருந்தொகையானோரைப் பஸ்களில் ஏற்றி அயல் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். போக மறுத்தவர்களும் இருந்தார்கள். போனால் திரும்ப விடுவார்களோ, காணாமற்போன மகனைத் தேடுவது யார், வள்ளம் கிடைத்தால் அடையாளம் காட்டுவது யார் என்ற யோசனை அவர்களுக்கு. தற்காலிக வீடுகளில் ஒரு பகுதி அயலிலுள்ள தோமே நகரிலேயே போடப்பட்டது. ஒரு சிறு குடும்பத்துக்கு 30 சதுர மீற்றர் அளவு. இரண்டு ஆண்டுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பலர் ஐந்து ஆறு ஆண்டுகள் அதிலேயே இருந்தனர்.

பட்டின சபை ஒரு கொள்கையை வகுத்தது: தொழில் எங்கேயும் இருக்கலாம், வீடு மேட்டிலே இருக்க வேண்டும். கடல் ஏறிய தாழ்நிலத்தில் குடியிருப்பு வீடு கட்டத் தடை வந்தது. அந்தக் காணிகளை அரச பணத்தில் விலைக்கு வாங்கினர். குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சம்மதித்தால், மலையைச் சமப்படுத்தி, பாதையும் தண்ணீரும் கொடுத்து, வீட்டுக் காணியை விலைக்கோ குத்தகைக்கோ தருவது திட்டம். பழைய விதிப்படி குறைந்தது பத்துக் குடும்பம் வேண்டும். 2011க்குப் பின் அதை ஐந்தாகக் குறைத்தனர். இது மிகப் பெரிய உதவி. ஏனெனில் ஒவ்வொரு சிறு குடாவின் சனமும் தங்கள் துறைக்கு மேலேயுள்ள மேட்டிலேயே குடியேற இது வழிசெய்தது. ஊரெல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காமல் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் சிறு குடியிருப்புக்கள் எழுந்தன. ஷிசுகாவாக் கடைத்தெருச் சனத்துக்கு மட்டும் மூன்று பெரிய மேடுகள். சொந்தமாகக் கட்ட வசதியில்லாதவர்களுக்கு எழுநூறுக்கு மேல் பொது வாடகை வீடுகள் கட்டப்பட்டன.

1933இன் பாடம் இம்முறை மறக்கப்படவில்லை என்பது என் கணிப்பு. மேட்டிலிருந்து துறைக்கு வாகனப் பாதை உண்டு. கீழே வலைக் கொட்டிலும் சிப்பி உடைக்கும் சாலையும் வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. அந்த விலை காலம். மலைக் காணிகளின் உறுதிகள் பாட்டன் பூட்டன் பெயரில் கிடந்தன. உரித்தாளிகளைத் தேடிக் கையொப்பம் வாங்கி, மரம் வெட்டி, கல் உடைத்து, மண் இறக்கி முடிய 2017 ஆகிவிட்டது. அதற்குள் முதியோர் பலர் முகாமிலேயே கண்மூடினர். பிள்ளைகள் பாடசாலை போன ஊரிலேயே இளங் குடும்பங்கள் வீடு வாங்கிவிட்டன. 2020இல் சனத்தொகை 12,000 அளவுக்கு இறங்கியிருந்தது. நல்ல திட்டம் ஆறாண்டு தாமதமானால், அது யாருக்காக வரையப்பட்டதோ அவர்களிற் பாதிப்பேர் அப்போது அங்கே இருக்கமாட்டார்கள்.

மலையில் வெட்டிய மண்ணைக்கொண்டு பழைய கடைத்தெருவைப் பத்து மீற்றர் அளவுக்கு உயர்த்தினர். 2012 பெப்ரவரியில் தற்காலிகக் கொட்டில்களில் தொடங்கிய வியாபாரிகள் 2017 மார்ச்சில் அந்த உயர்ந்த மண்ணில் நிரந்தரக் கடைகளைத் திறந்தனர். கடலுக்கும் ஊருக்கும் நடுவே 8.7 மீற்றர் கொங்கிறீற் சுவர். வீடுகள் எல்லாம் மேட்டுக்குப் போன பின்னர் இவ்வளவு பெரிய சுவர் எதைக் காக்கிறது என்று கேட்ட ஊரவர்கள் பலர். அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. புகையிரதப் பாதை திரும்பக் கட்டப்படவில்லை. தண்டவாளம் இருந்த தடத்தில் இப்போது பஸ் ஓடுகிறது.

அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் இரும்புச் சட்டகம் இன்னும் நிற்கிறது. அதைப் பார்க்கவே முடியவில்லை, இடித்துவிடுங்கள் என்று சில குடும்பங்கள் கேட்டன. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், வைத்திருங்கள் என்று வேறு சில குடும்பங்கள் கேட்டன. இரு பக்கமும் உயிரைப் பறிகொடுத்தவர்களே. 2013இல் இடிப்பதென்று முடிவாயிற்று. 2015இல் மாகாண அரசு அதைப் பொறுப்பேற்று, 2031 வரை ஊர் ஆறுதலாக யோசிக்கட்டும் என்று தவணை கொடுத்தது. 2024இல் பட்டினமே அதைத் திரும்ப ஏற்று, நிரந்தரமாக வைத்திருப்பதெனத் தீர்மானித்தது.

குறைத்ததால் கூடிய சிப்பி

இனி சீவியத்துக்கு வருவோம். சிப்பி வளர்ப்பு இப்படி நடக்கும்: சிப்பிக் குஞ்சுகள் பழைய ஓடுகளில் ஒட்டிப் பிடிக்கும். அந்த ஓடுகளைக் கயிற்றில் கோத்து, கடலில் மிதக்கும் தெப்பங்களில் தொங்கவிடுவார்கள். தீனி போடத் தேவையில்லை. கடல்நீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையே சிப்பி வடித்துத் தின்னும். ஆகவே குடாவில் எவ்வளவு தீனி உண்டோ அவ்வளவுதான் சிப்பி வளரும். தோகுராப் பகுதியில் ஒவ்வொருவரும் தம் வருமானத்தைக் கூட்டத் தெப்பங்களைக் கூட்டினர். தெப்பம் கூடக் கூட ஒரு சிப்பிக்குக் கிடைக்கும் தீனி குறைந்தது. ஓராண்டில் வளர வேண்டியது இரண்டு, மூன்று ஆண்டு எடுத்தது. அந்த நட்டத்தை ஈடுசெய்ய இன்னும் தெப்பம் போட்டார்கள். தெப்பங்களுக்கு இடையே 15 மீற்றர்கூட இல்லாத நிலை. அடியில் கழிவு தேங்கிற்று. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதலில் குறைப்பவன் தானே நட்டப்படுவான்!

2011இல் கடல் எல்லாத் தெப்பங்களையும் ஒன்றுமில்லாமற் செய்தது. அப்போதுதான் முன்னர் பேச முடியாத பேச்சைப் பேசினார்கள். மொத்தத் தெப்பத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, இடைவெளியை 40 மீற்றராக அகட்டுவது. எதிர்ப்பு இலேசானதல்ல. வீடும் போய் வள்ளமும் போய் நிற்பவனைப் பார்த்து 'உன் பங்கை மூன்றில் ஒன்றாக்கு' என்றால் அவன் என்ன சொல்வான்? பல கூட்டங்கள் நடந்தன. 'என் அப்பன் வைத்திருந்த இடம்' என்ற பழைய உரிமையைக் கைவிட்டு, எல்லா இடத்தையும் பொதுவில் வைத்துப் புள்ளிமுறையில் பங்கிட்டனர். தொழிலைத் தொடர மகனோ மகளோ உள்ள குடும்பத்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தது.

விளைவு அவர்களையே திகைக்கவைத்தது. சிப்பி ஓராண்டில் வளர்ந்து பருத்தது. ஒரு தெப்பத்தில் விளைவு பெருகியதால் குடும்ப வருமானம் முன்னிலும் கூடியது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. அப்படியானால் நாமும் வருகிறோம் என்று இளைஞர்களும் தொழிலுக்கு வந்தனர். 2016 மார்ச்சில், பொறுப்பான கடல் வளர்ப்புக்கு வழங்கப்படும் ஏஎஸ்சி என்ற சர்வதேசச் சான்றிதழை யப்பானிலேயே முதலாவதாக இவர்கள் பெற்றனர். 2019இல் பேரரசர் கிண்ணமும் கிடைத்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது நல்ல மனத்தால் மட்டும் நடந்ததல்ல. முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கூட்டாகத் தொழில் செய்வோரின் செலவை அரசு தாங்கும் திட்டம் ஒன்று இருந்தது. பசியில்லாமல் காத்திருக்க முடிந்தபடியால்தான் அவர்களாற் பரீட்சித்துப் பார்க்க முடிந்தது.

எல்லாக் கடற்பொருளும் இப்படி நன்றாக முடியவில்லை. 'ஹோயா' என்று ஒரு செம்மஞ்சள் நிறக் கடலுயிரை அங்கே வளர்ப்பார்கள். வளர மூன்று ஆண்டு அளவு செல்லும். மியாகி மாகாண ஹோயாவில் பத்தில் ஏழு பங்கைக் கொரியர்களே வாங்கினர். புகுசிமா அணுவுலை விபத்தைக் காரணம் காட்டி 2013இல் தென்கொரியா இறக்குமதியைத் தடைசெய்தது. விற்க வழியின்றி 2016இல் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான தொன் ஹோயாவை எரித்தழிக்க நேர்ந்தது. ஒரே வாங்குநரை நம்பிப் பயிரிட்டவர்களுக்கு இந்த வலி புரியும். அண்மைக் காலத்தில் கடல்நீர் சூடேறி, ஆற்றுக்குத் திரும்பும் சமன் மீன் மிகவும் அருகிவிட்டது.

வயலும் பசளையும்

ஆற்றுப் பள்ளத்தாக்கு வயல்களில் வீட்டு மரமும், கண்ணாடியும், வாகனமும், கடற்சேறும் ஒன்றாகக் கிடந்தன. இயந்திரத்தால் பெரியவற்றை அகற்றிய பின்னர், கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து கையாலேயே பொறுக்க வேண்டியிருந்தது. அதன் பின் உவர் நீக்கல். வயலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, நன்னீர் பாய்ச்சி, உழுது கலக்கி, வடிய விட்டு, மீண்டும் பாய்ச்சுவார்கள். மண்ணின் உவரை அளந்து பார்த்து, தாழும்வரை இதையே திரும்பச் செய்வார்கள். சேடையில் நல்ல வடிகால் இல்லாத வயலில் உவர் போகாது; ஆகவே முதலில் வாய்க்காலைத் திருத்தினர். சிறு சிறு துண்டு வயல்களை இணைத்துப் பெரிய பாத்திகளாக்கினர். செவ்வந்திப் பூ வளர்ப்பு இவ்வூரின் பழைய பணப்பயிர். அதையும் மீண்டும் தொடங்கினர்.

மலைப்பக்கத்திலும் மாற்றம் வந்தது. 2015இல் ஊர்க் காடுகளில் ஒரு பகுதி எஃப்எஸ்சி என்ற வனச் சான்றிதழைப் பெற்றது. 2017இல் மேட்டில் திறந்த புதிய பட்டின அலுவலகத்தை அந்த மரத்திலேயே கட்டினார்கள். அதே 2015இல் ஓர் உயிர்வாயு நிலையமும் இயங்கத் தொடங்கியது. வீட்டுக் குசினிக் கழிவையும் மலகூடச் சேற்றையும் காற்றுப்புகாத தாங்கியில் புளிக்கவிட்டு வாயு எடுக்கிறார்கள். வாயுவிலிருந்து மின்சாரம் வருகிறது. எஞ்சும் நீரே திரவப் பசளை. வீட்டுக்காரர் பிளாஸ்ரிக்கையும் எலும்பையும் ஓட்டையும் பிரித்து, சோறு கறி மிச்சத்தை மட்டும் தெருவோர வாளியிற் கொட்ட வேண்டும். பசளையைத் தாங்கி வாகனத்தில் கொண்டுவந்து நெல்வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் விசிறுகிறார்கள்.